ஃபைனல் ஃபேன்டஸியில் எதிலிருந்து தொடங்குவது? முழுமையான வழிகாட்டி

"எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேம் வரிசையைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் நான் எனக்குப் பிடித்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அதன் 6-ஆம் பாகம் பிடிக்கும். சொன்ன நாலு பேரில் மூன்று பேர் பாதியில் விட்டார்கள். ஒருவருக்கு அந்தப் பழைய புள்ளிப் படங்கள் ஒத்துவரவில்லை. ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. திரும்ப உட்காரும்போது போன வாரம் எங்கே நின்றோம் என்பதே மறந்திருக்கும். இன்னொருவர் வாளைச் சுழற்றி ஓடி ஓடி அடிக்கலாம் என்று நினைத்து வந்தவர். அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் என் விருப்பத்தைத் திணித்தது என் தப்பு.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். நம்மால் மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்வது, மாற்றிக்கொள்ளக்கூடியதைக் கடைசிக்குத் தள்ளுவது. அதாவது கருவி (போனா, லேப்டாப்பா, கன்சோலா), நேரம், சண்டை முறை, அப்புறம்தான் கதை. பலர் கதையில் ஆரம்பித்து, ஆசைப்பட்டு, காசு கொடுத்து வாங்கிவிட்டு, கடைசியில் தங்கள் லேப்டாப்பில் அது ஓடாது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

1. எண்ணைப் பார்த்து வரிசை போடாதீர்கள்

1 முதல் 16 வரை எண் இருப்பதால் தொடர்கதை என்று தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனி ஆட்கள், தொடங்கி முடியும் தனிக் கதை. பெரும்பாலானவற்றில் திரும்ப வருவது சில அடையாளங்கள்தான்: சவாரிக்கு உதவும் மஞ்சள் பறவை சோகோபோ, சிட் என்ற பெயரில் யாராவது ஒருவர், ஃபயர், கியூர் போன்ற மந்திரப் பெயர்கள். 10-ஐ விளையாட 9 தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணோ பெயரோ ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவனம் தேவை. 10-2 என்பது 10-இன் நேரடித் தொடர்ச்சி. அதன் முதல் காட்சியே 10-இன் முடிவைச் சொல்லிவிடும். 13, 13-2, லைட்னிங் ரிட்டர்ன்ஸ் மூன்றையும் இந்த வரிசையில்தான் விளையாட வேண்டும். 7-க்கு ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒன்றிலிருந்து தொடங்கி ஒழுங்காக ஏறுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் 2-இல் விழுகிறார்கள். அதில் லெவல் என்பதே கிடையாது. எந்த ஆயுதத்தைப் பயன்படுத்துகிறோமோ அந்தத் திறமை வளரும். அடி வாங்கினால் உயிர்ப்புள்ளி கூடும். சொந்தக் குழுவினரையே அடித்து உயிர்ப்புள்ளி ஏற்றும் அளவுக்கு ஆட்கள் போனதுண்டு. இந்த வரிசையில் ஏற்கெனவே மூழ்கியவருக்கு அது ஒரு வேடிக்கை, புதியவருக்குத் தண்டனை.

2. உட்காரும் முன் நான்கு பதில்கள்

ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். என்ன கருவி இருக்கிறது? வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? திரையில் ஆங்கிலம் படிக்கப் பொறுமை இருக்கிறதா? கையில் கன்ட்ரோலர் உண்டா?

மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எந்தப் பாகத்திலும் தமிழ் வசனம் கிடையாது. ஆங்கிலம் தெரிந்திருந்தாலும், கதையில் பேசும் ஆங்கிலம் வேறு. 12-இன் வசனங்கள் பழைய நாடக பாணியில், அரசவை நடையில் இருக்கும். படித்து முடிக்கும் முன் குரல் அடுத்த வரிக்குப் போய்விடும். 6, 7, 8, 9-இல் குரலே இல்லை. நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் பெரும்பாலான வசனம் நகரும் என்பதால் நிதானமாகப் படிக்கலாம். 16-ஆம் பாகம் நிறையப் பெயர்கள் வரும் அரசியல் கதைதான், ஆனால் அதில் ஒரு அருமையான வசதி உண்டு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால், அப்போது திரையில் இருப்பவர் யார், எந்த நாடு, என்ன பகை என்று சிறு குறிப்புகள் வரும். மற்றப் பாகங்களுக்கும் இதைக் கொடுத்திருக்கலாம்.

கன்ட்ரோலர் இல்லையென்றால், கேமுக்கு முன் அதை வாங்குங்கள். 12, 15, 16 எல்லாம் கன்ட்ரோலரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கீபோர்டில் ஓடும்தான். ஆனால் சண்டை சிரமமாக இருப்பது கேமாலா கீபோர்டாலா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

3. கருவியை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள்

இதுதான் உண்மையான முதல் வடிகட்டி. இங்கேயே பாதி உதிர்ந்துவிடும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பா? 1 முதல் 6 வரையிலான பிக்சல் ரீமாஸ்டர் (பழைய புள்ளிப் படக் கேம்களைப் புதுப்பித்த பதிப்பு), பழைய 7, 9 எல்லாம் பிரச்சினை இல்லாமல் ஓடும். 8 ரீமாஸ்டரும் 10-உம் பெரும்பாலும் ஓடும். 16-ஐ மறந்துவிடுங்கள். அதற்கு ஸ்டீமில் (பிசி கேம்கள் விற்கும் இணையக் கடை) 170 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் கேட்கிறார்கள். 7-இன் புதிய வடிவங்களும் அப்படித்தான்: 7 ரீபெர்த் 155 ஜிபி, குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு. 7 ரீமேக் 100 ஜிபி. பதிவிறக்கமே இரண்டு இரவு ஓடும் வீடுகள் உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

போன் மட்டும்தான் என்றால் பிக்சல் ரீமாஸ்டர் ஆறும், 7, 8, 9-உம் கிடைக்கும். ஒருமுறை காசு கொடுத்தால் போதும், நடுவில் விளம்பரம் வராது. எண் இல்லாமல் ஃபைனல் ஃபேன்டஸி என்ற பெயர் மட்டும் தாங்கி இலவசமாகக் கிடைக்கும் போன் கேம்களை முதல் கேமாக எடுக்காதீர்கள். அவற்றில் பல, பழைய பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் விற்பவை. அந்தப் பாத்திரங்கள் யார் என்று தெரியாமல் அதில் ஒன்றும் புரியாது. 15-க்குப் பாக்கெட் எடிஷன் என்று ஒரு சிறிய வடிவம் போனில் உண்டு. கதை தெரியும், ஆனால் அது 15 விளையாடியதாகாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1 முதல் 10 வரை எல்லாமும், 12-உம் அதில் உண்டு. பேருந்திலோ படுக்கையிலோ விளையாட இந்தப் பழைய கேம்கள் மிகப் பொருத்தம். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவருக்கு 13-உம் அதன் தொடர்ச்சிகளும் தவிர ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும். 13 வேண்டுமென்றால் பிசி அல்லது எக்ஸ்பாக்ஸ்.

4. நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

நான் பார்த்த அளவில், கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 1-ஆம் பாகம் பதினைந்து முதல் இருபது மணி நேரத்தில் முடியும். 4 இருபது சொச்சம். 15 சுமார் முப்பது. 6, 7, 9 முப்பத்தைந்திலிருந்து நாற்பது. 16-உம் அந்த அளவுதான். 10 நாற்பத்தைந்து ஐம்பது. 12 அறுபதைத் தொடும்.

இதை உங்கள் வார மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரம் மூன்று மணி நேரம் கிடைப்பவருக்கு 12 என்பது ஐந்து மாதம். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் ஆறு. அவ்வளவு நாள் ஒரே கதையின் இழையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்றால் 4-ஐ எடுங்கள். கதை நிற்காமல் ஓடும். குழுவில் யார் வருவார், யார் போவார் என்பதைக் கேமே முடிவு செய்வதால் இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் குழப்பம் இல்லை.

ஒரு தடவை எத்தனை நிமிடம் உட்கார முடியும் என்பதும் முக்கியம். பழைய பதிப்புகளில் சேவ் செய்யும் இடம் வரும் வரை அணைக்க முடியாது. பிக்சல் ரீமாஸ்டரில் குவிக் சேவ் இருக்கிறது; குகையின் நடுவிலேயே நிறுத்தலாம். குழந்தை எழுந்துவிட்டது, அரிசி பொங்கிவிட்டது என்று நடுவில் ஓடுபவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். 10-இல் நேர்மாறு. பல காட்சிகளைத் தாண்டவே முடியாது. காட்சிக்குப் பிறகு கடினமான பாஸ் (பெரிய எதிரி), தோற்றால் அதே காட்சி மறுபடியும். காகசெட் மலையில் சீமோருடன் நடக்கும் சண்டைக்கு முன் வரும் பேச்சு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பத்து மணிக்குத் தூங்க வேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு அந்த மலை ஏறக் கூடாது.

5. சண்டை முறையைத் தேர்ந்தெடுங்கள்

கதை பிடிக்காவிட்டாலும் சண்டை பிடித்தால் ஆள் கேமில் இருப்பார். சண்டை பிடிக்காவிட்டால் எந்தக் கதையும் நிற்க வைக்காது. நாற்பது மணி நேரத்தில் பெரும்பகுதி சண்டைதான். ஆகவே இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

நிதானமாக யோசித்து அடிப்பது வேண்டுமா? 10. இதில் யாருடைய முறை அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒரு பட்டியல் திரையின் வலது ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் எதிரி காத்திருப்பான். ஒவ்வொரு எதிரிக்கும் ஏற்ற ஆள் உண்டு. பறப்பவற்றுக்குப் பந்து எறியும் வக்கா, ஓடு போட்டவற்றுக்கு வாள் வீசும் ஆரன், கூழ் போல இருப்பவற்றுக்கு மந்திரம் போடும் லூலு, சுறுசுறுப்பான ஓநாய்களுக்கு டீடஸ். சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றலாம், மாற்றினால் முறை போகாது. இரண்டு மணி நேரத்தில் கேமே இதைப் பாடம் நடத்திவிடும். புதியவருக்கு, கருவி ஒத்துழைத்தால், நான் சொல்லும் முதல் பெயர் இதுதான்.

நேரம் ஓடிக்கொண்டே இருக்க, ஒவ்வொருவருக்கும் உள்ள நேரப் பட்டை நிரம்பியதும் கட்டளை கொடுப்பது 4 முதல் 9 வரை. கொஞ்சம் படபடப்பு இருக்கும், பழகிவிடும். 9-இல் மட்டும் சண்டை மெதுவாகத் தொடங்கும், மெதுவாக நகரும். ரீமாஸ்டரில் உள்ள வேகப் பட்டன் இதற்காகவே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடி, விலகி, நேரடியாக அடிப்பது வேண்டுமென்றால் 15 அல்லது 16. இரண்டிலும் பயந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 15-இல் வெயிட் மோடு போட்டால், நீங்கள் அசையாமல் நிற்கும்போது உலகமும் நிற்கும். 16-இல் ஐந்து மோதிரங்கள் தொடக்கத்திலேயே கிடைக்கும். ஒன்றை அணிந்தால் தானாக விலகும், இன்னொன்றை அணிந்தால் ஒரே பட்டனில் அழகான அடிகள் வரும். அணிவதில் வெட்கம் வேண்டாம். கை பழகியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆனால் 16-ஆம் பாகம் வயது வந்தவர்களுக்கானது. ரத்தமும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது போடும் கேம் இல்லை.

7 ரீமேக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓடி அடிக்கவும் வேண்டும், பட்டை நிரம்பியதும் நிறுத்திக் கட்டளை தரவும் வேண்டும். கிளாசிக் என்ற அமைப்பில் போட்டால் ஓட்டத்தைக் கேம் பார்த்துக்கொள்ளும், முடிவு மட்டும் உங்களுடையது.

12 ஒரு தனி ரகம். குழுவினருக்கு முன்கூட்டியே விதி எழுதி வைக்க வேண்டும்: "கூட்டாளியின் உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனால் கியூர் போடு" என்பது போல. பிறகு நீங்கள் நடந்தால் போதும், அவர்களே அடித்துக்கொள்வார்கள். எக்செல் தாளில் சூத்திரம் போட்டுச் சந்தோஷப்படுபவரா நீங்கள்? அப்படியென்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுங்கள். மற்றவர்களுக்கு "கேம் தானே விளையாடிக்கொள்கிறது" என்ற புகார் பத்தாவது மணி நேரத்தில் வரும்.

6. இப்போது கதை

இந்த இடத்துக்கு வரும்போது மூன்று நான்கு பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும். இங்கே மனதுக்குப் பட்டதை எடுக்கலாம்.

நாயகன் ஒருவன் என்று இல்லாமல் பதினான்கு பேர் கொண்ட கூட்டுக்கதை 6. விசித்திரக் கதைப் புத்தகம் போன்ற நிறம், சிரிப்பு, அடியில் மரணத்தைப் பற்றிய ஒரு யோசனை 9. பயணமும் காதலும் 10. நாலு நண்பர்கள் காரில் சுற்றுவது 15. அரசியல் சூழ்ச்சி 12, பழிவாங்கும் கதை 16. 3, 5 இரண்டிலும் கதை லேசு. ஆட்களின் தொழிலை (வீரன், மந்திரவாதி என்பது போல) மாற்றி மாற்றிக் குழுவை வடிவமைப்பதுதான் அங்கே விருந்து.

13 பற்றி ஒரு எச்சரிக்கை. பத்து அத்தியாயம் வரை ஏறக்குறைய ஒரே நீளமான பாதை. பதினோராவது அத்தியாயத்தில்தான் வெளி திறக்கும். அதற்குள் இருபது மணி நேரம் போயிருக்கும். சண்டை முறை மிக நன்றாக இருக்கும் கேம்தான், முதல் கேமாக மட்டும் வேண்டாம்.

7. 7-இன் குடும்பச் சிக்கல்

அதிகம் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

1997-இல் வந்த 7 ஒரு முழுக் கதை. 2020-இல் வந்த ரீமேக் அந்தக் கதையின் மிட்கர் நகரப் பகுதியை மட்டும், அதாவது பழைய கேமில் முதல் ஐந்தாறு மணி நேரம் வரும் கதையை மட்டும், முழு கேமாக விரித்தது. 2024-இல் வந்த ரீபெர்த் இரண்டாம் பகுதி. முடிவு மூன்றாவதில். ஆகவே ரீமேக்கை வாங்கி "7 முடித்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது.

பெயரைப் பார்த்து, அதே கதை புதிய படங்களில் என்றும் நினைக்காதீர்கள். பழைய கதை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு சில இடங்களில் அது வேறு வழியில் போகும். தெரியாதவருக்கு அந்த இடங்கள் வெறும் குழப்பம். தெரிந்தவருக்குத் தூக்கிவாரிப் போடும். என் கருத்து: பழைய படங்களைச் சகித்துக்கொள்ள முடிந்தால் 1997 பதிப்பு, அப்புறம் ரீமேக், அப்புறம் ரீபெர்த். கட்டைவிரல் போன்ற கைகளோடு நிற்கும் அந்த உருவங்களை மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கண் கவனிக்காது. அறவே முடியாது என்பவர்கள் ரீமேக்கிலேயே தொடங்கலாம், நஷ்டம் கொஞ்சம் உண்டு.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிரைசிஸ் கோர் என்ற கேம், கதையில் 7-க்கு முன்னால் நடப்பது. அதனால் அதை முதலில் விளையாடுகிறேன் என்பவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். 7 மெல்ல மெல்ல அவிழ்க்கும் ரகசியத்தை அது நேராகக் காட்டிவிடும்.

8. சரியான பதிப்பை வாங்குங்கள்

பெயர் முடிவானாலும் வேலை முடியவில்லை. ஒரே கேம் கடையில் இரண்டு மூன்று வடிவங்களில் இருக்கும்.

3, 4 இரண்டுக்கும் பிக்சல் ரீமாஸ்டரும் உண்டு, நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காகச் செய்த முப்பரிமாண ரீமேக்கும் உண்டு. 4-இன் முப்பரிமாண வடிவம் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டது. முதல் முறைக்குப் பிக்சல் ரீமாஸ்டர் போதும். 12 என்றால் அதன் புதுப்பித்த பதிப்பான சோடியாக் ஏஜ். 15-க்கு வெறும் பதிப்பை வாங்காதீர்கள். ராயல் எடிஷன், பிசியில் விண்டோஸ் எடிஷன் எடுத்தால் துணைக்கதைகள் சேர்ந்து வரும். நண்பர்கள் திடீரென்று காணாமல் போய்த் திரும்பும் இடங்களில் என்ன நடந்தது என்பது அந்தத் துணைக்கதைகளில்தான் இருக்கிறது. கிங்ஸ்கிளேவ் என்ற அனிமேஷன் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள். கேமின் தொடக்கத்தில் நாயகனின் ஊருக்கு நேர்வதைக் கேம் அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்கிறது.

ஸ்டீமில் வாங்குபவர்களுக்கு: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கேம் பிடிக்கிறதா என்று பார்க்கச் செலவழிக்காதீர்கள், அதற்கு அது போதாது. படம் திக்குகிறதா, கன்ட்ரோலர் வேலை செய்கிறதா, எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 16-க்கு இந்தக் கவலையே வேண்டாம். தொடக்கப் பகுதி முழுவதும் இலவச டெமோவாக இருக்கிறது; சேவ் முழு கேமுக்குக் கூட வரும்.

9. முதல் மாலை: கதைக்கு முன் செட்டிங்ஸ்

புதிய கேம் என்று அழுத்தியதும் ஓடாதீர்கள். மெனுவைத் திறக்க முடிந்த முதல் நிமிடத்தில் இதைச் செய்யுங்கள்.

4 முதல் 9 வரை எதுவானாலும் சண்டை அமைப்பு ஆக்டிவ் என்று இருந்தால் வெயிட் என்பதற்கு மாற்றுங்கள். மந்திரப் பட்டியலிலோ பொருள் பட்டியலிலோ நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரியின் நேரம் நிற்கும். இதை மாற்றாமல் "எதிரி ரொம்ப வேகமாக அடிக்கிறான்" என்று சொன்னவர்களை எண்ண முடியாது.

பிக்சல் ரீமாஸ்டரில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், கண்ணுக்கு எது இதமோ அது. எதிரி வராமல் நிறுத்தும் வசதியும், அனுபவப் புள்ளியை நான்கு மடங்கு வரை கூட்டும் வசதியும் இருக்கும். முதல் பத்து மணி நேரம் இரண்டையும் தொடாதீர்கள். எதிரியை நிறுத்திவிட்டு நடந்தால் பலம் ஏறாது, பாஸிடம் போய் மோதி நிற்பீர்கள். வழி தொலைந்து ஒரே குகையில் சுற்றும்போது மட்டும் நிறுத்தி, வழியைக் கண்டதும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

9-இல் கவனம். வேகத்தைக் கூட்டுவதும் எதிரியை நிறுத்துவதும் திரும்ப எடுக்கக்கூடியவை. லெவலையும் பணத்தையும் உச்சத்துக்கு ஏற்றும் வசதிகளை அழுத்தினால் அழுத்தியதுதான். ஆர்வக்கோளாறில் அழுத்துவதானால் தனி சேவ் வைத்துவிட்டு அழுத்துங்கள்.

10-இல் தொடக்கத்தில் ஸ்பியர் கிரிட் (ஆட்களின் திறமையை வளர்க்கும் பலகை) எது வேண்டும் என்று கேட்கும். ஸ்டாண்டர்டு எடுங்கள். எக்ஸ்பெர்ட் எடுத்தால் எல்லோரும் நடுவிலிருந்து தொடங்குவார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குழு முழுவதும் அரைகுறையாக வளரும்.

10. நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள்

10-இல் மூன்று பேரையே வைத்து ஓட்டுவது. சண்டையில் ஒரு செயலாவது செய்தவருக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி. எல்லோரையும் ஒருமுறை உள்ளே இழுத்து, ஒரு அடியோ தற்காப்போ செய்ய வைத்து, வெளியே அனுப்புங்கள். இல்லாவிட்டால் முப்பதாவது மணி நேரத்தில் மூன்று பயில்வான்களும் நான்கு பச்சைப்பிள்ளைகளும் மிஞ்சுவார்கள்.

8-இல் லெவல் ஏற்றுவது. பாஸ் கஷ்டமாக இருக்கிறது என்று மற்றக் கேம்களில் செய்வதுபோல் வெளியே போய்ச் சண்டை போட்டு லெவல் ஏற்றினால், எதிரிகளும் உங்களோடு சேர்ந்து ஏறுவார்கள். இந்தக் கேமில் பலம் என்பது மந்திரத்தைச் சேர்த்து உடலின் குணங்களோடு இணைப்பதில் இருக்கிறது. எதிரியிடம் நின்று ஒவ்வொரு மந்திரத்தையும் நூறு வரை உறிஞ்சுவது தேவையில்லாத சலிப்பு; கேமுக்குள் வரும் சீட்டாட்டத்தில் ஜெயித்த சீட்டுகளை மாற்றினாலே நல்ல மந்திரம் கிடைக்கும். அப்புறம், ஒவ்வொரு பாஸிடமும் ட்ரா பட்டியலை (எதிரியிடமிருந்து உறிஞ்சக்கூடியவற்றின் பட்டியல்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். டோலட் கோபுர உச்சியில் வரும் எல்வொரெட்டிடம், சண்டையில் உதவிக்கு அழைக்கக்கூடிய சைரன் ஒளிந்திருக்கிறாள்; பார்க்காமல் கொன்றுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

பழைய குறிப்புகளை நம்புவது. 12-இன் 2006 பதிப்பில் குறிப்பிட்ட சில பெட்டிகளைத் திறந்தால் சோடியாக் ஸ்பியர் என்ற ஈட்டி கிடைக்காது. அதைப் படித்துவிட்டுச் சோடியாக் ஏஜில் ஒவ்வொரு பெட்டி முன்னும் பயந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். இதில் அந்த விதியே இல்லை, தாராளமாகத் திறக்கலாம். 9-இல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் கிடைக்கும் ஒரு வாள் உண்டு. அது பலமுறை முடித்தவர்களின் பொழுதுபோக்கு. அதைத் துரத்தி முதல் பயணத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதையும் விடக் கூடாது என்று ஒரு கையில் கைடு, மறு கையில் கன்ட்ரோலர் வைத்துக்கொள்வது. நாற்பது மணி நேரக் கதை வேலைப் பட்டியலாகிவிடும். 6-இல் மட்டும் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் கண்டத்தில் கடிகாரம் ஓடும்போது, கப்பலுக்குக் குதிக்கலாமா என்று கேட்டால் காத்திருங்கள். கடைசி ஐந்து நொடி வரை.

11. விடுவதா, தொடர்வதா

எட்டு மணி நேரம் கொடுங்கள். பொதுவாக அதற்குள் குழு சேர்ந்திருக்கும், சண்டையின் அடிப்படை கைக்கு வந்திருக்கும். அப்போதும் கேமைத் திறக்கக் கை போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காசு போட்டோமே என்று முப்பது மணி நேரத்தையும் சேர்த்துப் போடாதீர்கள்.

விடும்போது எதனால் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சண்டையா, வேகமா, ஆட்களா? சண்டைதான் என்றால் ஐந்தாவது படிக்குத் திரும்பி வேறு முறைக்குப் போங்கள். ஆட்கள் பிடிக்கவில்லை என்றால் அதே முறையில் வேறு எண். இந்த வரிசை வசதியாக இருப்பது இதனால்தான்: ஒன்று ஒத்துவராததால் மற்றதும் ஒத்துவராது என்று அர்த்தமில்லை. 15-ஐ ஐந்து மணி நேரத்தில் தூக்கிப்போட்ட ஒருவர் 9-ஐ ஒரு மாதத்தில் முடித்தார்.

12. 11-உம் 14-உம் தனிக் கணக்கு

இரண்டும் இணையத்தில் பலரோடு சேர்ந்து விளையாடுபவை. 11-ஐ இப்போது புதிதாகத் தொடங்கச் சொல்ல மாட்டேன். 14-க்கு நல்ல இலவசச் சோதனை உண்டு. 2023 அக்டோபரிலிருந்து ஸ்டார்ம்பிளட் என்ற விரிவு வரையிலான கதை, லெவல் 70 வரை, நாள் கெடு இல்லாமல் தருகிறார்கள். வணிகச் சந்தை, சில உரையாடல் வழிகள் பூட்டியிருக்கும்; கதைக்கு அவை தேவையில்லை.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவசரப்பட்டு முதல் வாரமே காசு கட்டினால் அந்தக் கணக்கு இலவசச் சோதனைக்குத் திரும்பாது. பிறகு மாதச் சந்தாதான். இன்னொன்று, ஸ்டீமில் வாங்கினால் பிறகு வரும் விரிவுகளையும் ஸ்டீமிலேயேதான் வாங்க வேண்டும். வேறு கடையில் விலை குறைந்திருந்தாலும் பயனில்லை. தொடங்கும் முன்பே எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

13. முடித்த பிறகு அடுத்தது

10 முடித்த இரவே 10-2-ஐத் திறக்காதீர்கள். அந்த முடிவின் கனம் இறங்கும் முன்பே இதில் பாட்டும் ஆட்டமும் உடைமாற்றமும் வரும். நல்ல சண்டை முறை உள்ள கேம் அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கும். ஒரு மாதம் போகட்டும்.

அதே நிதானமான சண்டை இன்னும் வேண்டும் என்றால் எண் இல்லாத டாக்டிக்ஸ் பக்கம் போகலாம். 2025-இல் ஐவலிஸ் கிரானிகல்ஸ் என்று புதுப்பித்து வந்திருக்கிறது. சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்துவது. 6 பிடித்தவருக்கு அடுத்து 9, அல்லது தொழில் மாற்றிக் குழு கட்டுவதில் ஆசை இருந்தால் 5. 16-இல் தொடங்கியவர் பழைய பக்கம் வர விரும்பினால் நேராக 1-க்குப் போக வேண்டாம். 7 ரீமேக் வழியாக வரட்டும். அதில் பட்டை நிரம்பக் காத்திருக்கப் பழகிவிட்டால், 1997-இன் 7 அவருக்கு அந்நியமாகத் தெரியாது.